சிகாகோவா, டொராண்டோவா? ஒரே அளவு நகரம்... ஆனா வாழ்க்கை ஏன் இவ்வளவு வேற?

ஏரிக்கரை, கடும் குளிர், 27 லட்சம் மக்கள். எல்லாமே ஒன்றுதான். ஆனால், விசாவில் இருந்து வீட்டு வாடகை வரை எல்லாம் தலைகீழ். காரணம் நகரமா, நாடா? ஒரு விரிவான அலசல்.

காலேஜ் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். எங்கள் குரூப்பில் ஒருவன் சிகாகோ, ஒருத்தி டொராண்டோ. இருவரும் படித்தது ஒரே வகுப்பு, பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே வேலை. சிகாகோ நண்பன் நல்லா சம்பாதிக்கிறான். ஆனா எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் விசாவில் வந்து நிற்பான். டொராண்டோ தோழிக்கு விசா கவலையே கிடையாது. அவள் பேச்சு எங்கே தொடங்கினாலும் வீட்டு வாடகையில் முடியும்.

"ரெண்டு ஊரும் ஒரே மாதிரிதானே இருக்கு, அப்புறம் ஏன் ரெண்டு பேரும் வேற வேற விஷயத்துக்குப் புலம்புறீங்க?" என்று குரூப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைத் தேடினால், வெளிநாடு போக நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பல விஷயங்கள் கிடைக்கின்றன. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இந்த இரண்டு நகரங்கள்?

எந்த இரண்டு ஊரையும் ஒப்பிடலாம். ஆனால் அளவு, தட்பவெப்பம், வயது எல்லாம் ஓரளவு ஒத்துப்போனால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கும். அந்த வகையில் இவை ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள்.

- மக்கள்தொகை: டொராண்டோ 27.94 லட்சம் (2021 கணக்கெடுப்பு). சிகாகோ 27.46 லட்சம் (2020 கணக்கெடுப்பு).
- பரப்பளவு: டொராண்டோ சுமார் 631 சதுர கி.மீ. சிகாகோ சுமார் 590 சதுர கி.மீ.
- ஏரி: டொராண்டோவுக்கு ஒன்டாரியோ ஏரி. சிகாகோவுக்கு மிச்சிகன் ஏரி.
- நகரமாக அறிவிக்கப்பட்ட ஆண்டு: டொராண்டோ 1834, சிகாகோ 1837.
- பெரும் தீ விபத்து: இரண்டுக்கும் உண்டு. சிகாகோவில் 1871, டொராண்டோவில் 1904.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். இன்றைய டொராண்டோ, 1998-ல் ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ உள்ளிட்ட ஆறு உள்ளாட்சிகளை ஒன்றாக இணைத்து உருவாக்கப்பட்டது. சுற்றியுள்ள புறநகரையும் சேர்த்துப் பார்த்தால் சிகாகோதான் பெரியது. அதன் பெருநகரப் பகுதியில் சுமார் 96 லட்சம் பேர், டொராண்டோ பெருநகரப் பகுதியில் சுமார் 62 லட்சம் பேர்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், இரண்டும் போகும் திசை. 1950-ல் சிகாகோவின் மக்கள்தொகை 36.2 லட்சம். அதுதான் உச்சம். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, மக்கள் புறநகருக்குப் போனார்கள், நகரம் சுருங்கியது. டொராண்டோ அதே காலத்தில் வளர்ந்துகொண்டே வந்தது. 2013-ல் 'சிகாகோவை முந்திவிட்டோம், இனி வட அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம் நாங்கதான்' என்று டொராண்டோ கொண்டாடியது. மெக்சிகோ சிட்டி, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மூன்றும்தான் அதற்கு மேலே.

சுருங்கிய நகரம், வளர்ந்த நகரம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விலை வரும்போது இது தேவைப்படும்.

முதல் கேள்வி: உள்ளே போவது எப்படி?

நகரம் பிடித்திருக்கிறதா என்பது இரண்டாவது விஷயம். முதலில் கதவு திறக்க வேண்டுமே!

சிகாகோவுக்கு வேலைக்குப் போகும் இந்தியர்களின் வழக்கமான பாதை எச்-1பி விசா. ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான் புதிய விசா. அதில் 20,000 இடங்கள் அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு. விண்ணப்பங்கள் பல மடங்கு வருவதால், குலுக்கல் முறையில்தான் பல ஆண்டுகளாகத் தேர்வு நடந்தது. திறமை இருந்தால் மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேண்டும். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார். நடுத்தர அளவு நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் இருந்து புதிதாக ஒருவரை எடுக்க ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கும்.

விசா கிடைத்துவிட்டால்? அது உங்கள் வேலையோடு கட்டப்பட்ட விசா. வேலை போனால், பொதுவாக 60 நாளுக்குள் வேறு நிறுவனம் கிடைக்க வேண்டும் அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கிரீன் கார்டு வரிசை இன்னும் மோசம். வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. சின்ன நாடானாலும் 7, இந்தியா ஆனாலும் 7. அதனால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகள், சில பிரிவுகளில் பல பத்தாண்டுகள் நீள்கிறது. காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், பெற்றோரின் விண்ணப்பத்தில் இருந்தே அந்தப் பிள்ளை வெளியேற நேரிடலாம்.

டொராண்டோவின் கதவு வேறு மாதிரி. கனடா 2015 ஜனவரியில் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையைத் தொடங்கியது. வயது, படிப்பு, மொழித்திறன், அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண். இது கிட்டத்தட்ட நம்ம ஊர் கட்-ஆஃப் மாதிரிதான். 20 முதல் 29 வயது வரை வயதுக்கான முழு மதிப்பெண். 30-ல் இருந்து அது குறையத் தொடங்கும். பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் லாபம். முக்கியமாக, பிறந்த நாட்டை வைத்துக் கோட்டா கிடையாது. நிரந்தரக் குடியிருப்பு, அதாவது பிஆர் கிடைத்துவிட்டால், வேலை போனாலும் பிஆர் போகாது. ஐந்து ஆண்டுகளுக்குள் மொத்தம் 1,095 நாட்கள் அங்கே வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம்.

அப்போ டொராண்டோதான் ஈஸியா? 2023 வரை அப்படிச் சொல்லியிருக்கலாம். இப்போது கனடாவும் கதவைப் பாதி சாத்தியிருக்கிறது. 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டுக்குச் சுமார் 3.6 லட்சம், முந்தைய ஆண்டைவிட 35% குறைவு. 2025-ல் 5 லட்சம் பேருக்கு பிஆர் என்று இருந்த இலக்கு, 3.95 லட்சமாகக் குறைக்கப்பட்டது. 2025 மார்ச்சில், கையில் வேலை உறுதிக் கடிதம் இருந்தால் கிடைத்துவந்த கூடுதல் மதிப்பெண்ணும் நீக்கப்பட்டது. 'எப்படியாவது ஒரு காலேஜ்ல சேர்ந்துட்டா பிஆர் வாங்கிடலாம்' என்று சொல்லி அனுப்பும் ஏஜென்ட்டுகளை இப்போது நம்பவே நம்பாதீர்கள்.

சம்பளம்: யார் கை ஓங்கியிருக்கு?

இதில் பெரிய விவாதம் இல்லை. மென்பொருள், நிதி, மருத்துவம் போன்ற துறைகளில் ஒரே வேலைக்குச் சிகாகோ தரும் சம்பளம் பொதுவாக அதிகம். அமெரிக்க டாலரின் மதிப்பும் கனடா டாலரைவிட அதிகம் என்பதால், இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

வரியிலும் சிகாகோவுக்கு ஒரு வசதி உண்டு. இல்லினாய் மாநில வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதம்தான், 4.95%. மத்திய அரசின் வரி தனி. கனடாவில் மத்திய, மாகாண வரி இரண்டும் வருமானத்தோடு சேர்ந்து ஏறும். கடைக்குப் போனால், ஒன்டாரியோவில் 13% விற்பனை வரி. சிகாகோவிலும் அது 10 சதவீதத்துக்கு மேல், அமெரிக்க நகரங்களில் மிக அதிகமானவற்றில் ஒன்று.

டொராண்டோவில் புதிதாக வந்தவர்கள் நீண்டகாலமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. 'கனடா அனுபவம் இருக்கா?' என்ற கேள்வி. வேலை கிடைத்தால்தானே அனுபவம், அனுபவம் இருந்தால்தானே வேலை? இதனால் டாக்டர், இன்ஜினியர்கள்கூட டாக்ஸி ஓட்டிய கதைகள் ஏராளம். ஒன்டாரியோ அரசு ஒரு சட்டம் போட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் வேலை விளம்பரங்களில் கனடா அனுபவம் கேட்பதை 2026 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. விளம்பரத்தில் கேட்கக் கூடாது, சரி. இன்டர்வியூ எடுப்பவர் மனசுக்குள் நினைத்தால் என்ன செய்வது என்பது இன்னும் கேள்விதான்.

வீடு: சம்பளம் எங்கே போகுது?

இங்கேதான் ஆட்டம் மாறுகிறது.

2022 பிப்ரவரியில் டொராண்டோ பெருநகரப் பகுதியில் ஒரு வீட்டின் சராசரி விலை 13.3 லட்சம் கனடா டாலரைத் தொட்டது. பிறகு சரிந்து, 2025-ல் 10 லட்சத்துக்குச் சற்று மேலே நின்றது. சிகாகோ நகருக்குள் சாதாரண விலை ஏறக்குறைய மூன்று முதல் நான்கு லட்சம் அமெரிக்க டாலர். டாலர் மதிப்பைச் சரிசெய்த பிறகும், டொராண்டோ வீடு இரண்டு மடங்கு அளவில் இருக்கிறது. சம்பளம் குறைவு, வீட்டு விலை இரட்டிப்பு. டொராண்டோ தோழியின் புலம்பலுக்கு இதுதான் காரணம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, ஆட்கள். சிகாகோ 36 லட்சம் பேருக்காகக் கட்டப்பட்ட நகரம். இன்று 27 லட்சம் பேர் வாழ்கிறார்கள். இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு செங்கல் வீடுகள் தெருத்தெருவாக ஏற்கெனவே நிற்கின்றன. டொராண்டோவில் ஆட்கள் வந்த வேகத்துக்கு வீடு எழும்பவில்லை.

இரண்டு, நிலம். டொராண்டோவுக்குத் தெற்கே ஏரி. மற்ற பக்கங்களில் 2005-ல் அறிவிக்கப்பட்ட 'பசுமை வளையம்'. சுமார் 20 லட்சம் ஏக்கர் வயலும் காடும் பாதுகாக்கப்பட்ட பகுதி. சூழலுக்கு நல்லது. ஆனால் நகருக்குள்ளேயும் பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் தனி வீடு தவிர வேறு எதையும் கட்டுவது பல பத்தாண்டுகளாகக் கடினமாக இருந்தது. நான்கு குடும்பங்கள் வாழும் சிறிய அடுக்ககத்தை நகரம் முழுக்க அனுமதித்ததே 2023-ல்தான். நடுவில் எதுவும் இல்லாமல், ஒன்று தனி வீடு, இல்லையென்றால் வானளாவிய காண்டோ.

மூன்று, கடன். இது பலருக்குத் தெரியாத விஷயம். அமெரிக்காவில் 30 ஆண்டுக்கும் ஒரே வட்டியில் வீட்டுக்கடன் கிடைக்கும். 2021-ல் 3% வட்டிக்கு வாங்கியவருக்கு 2051 வரை அதே இஎம்ஐ. கனடாவில் கடன் 25 ஆண்டுக்கு என்றாலும், வட்டி ஒப்பந்தம் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். கனடா மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25%. 2023 ஜூலையில் 5%. பிறகு படிப்படியாகக் குறைக்கப்பட்டாலும், மலிவு வட்டிக் காலத்தில் வாங்கியவர்கள் புதுப்பிக்கப் போகும்போது இஎம்ஐ எகிறுகிறது. நம்ம ஊரில் ஃப்ளோட்டிங் ரேட்டில் கடன் வாங்கியவர்களுக்கு இந்த வலி நன்றாகவே புரியும்.

அப்போ சிகாகோவில் வீடு வாங்கினால் நிம்மதியா? அவசரப்படாதீர்கள். சிகாகோவில் சொத்து வரி ஏறக்குறைய வீட்டு மதிப்பில் 2%, ஒவ்வோர் ஆண்டும். நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 8,000 டாலர் அளவில் வரும். டொராண்டோவில் வரி விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழ். அதுவும் 2016-ம் ஆண்டு மதிப்பீட்டின் அடிப்படையில்தான் இன்னமும் கணக்கிடுகிறார்கள். ஆனால் வாங்கும்போது மாகாணத்துக்கு ஒரு பதிவு வரி, நகரத்துக்குத் தனியாக இன்னொரு பதிவு வரி என டொராண்டோ இரண்டு முறை வசூலிக்கிறது.

வாடகைக்குப் போகிறீர்களா? ஒன்டாரியோவில் ஆண்டு வாடகை உயர்வுக்கு அரசு உச்சவரம்பு வைக்கிறது. 2025-க்கு 2.5%. ஆனால் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட கட்டடங்களுக்கு இந்த வரம்பு கிடையாது. பளபளப்பான புது காண்டோவில் வாடகைக்குப் போகும் முன் கட்டடம் எந்த ஆண்டு என்று கேளுங்கள். இல்லினாயில் வாடகைக் கட்டுப்பாடே கூடாது என்று 1997-ல் இருந்து சட்டம் இருக்கிறது. இருந்தும் வீடுகள் போதுமான அளவு இருந்ததால், சிகாகோ வாடகை டொராண்டோ அளவுக்கு மக்களை நசுக்கவில்லை. சட்டத்தைவிட வீட்டு எண்ணிக்கைதான் வாடகையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். மாணவர் வரத்து குறைந்த பிறகு டொராண்டோவிலும் புதிய வாடகைகள் இறங்கத் தொடங்கின என்பது அதே பாடத்தின் இரண்டாம் பகுதி.

உடம்பு சரியில்லைன்னா?

டொராண்டோவில் வாழும் பிஆர், குடிமக்களுக்கு ஒன்டாரியோ அரசின் காப்பீட்டு அட்டை உண்டு. டாக்டரைப் பார்க்க, ஆபரேஷன் செய்ய, பிரசவத்துக்கு பில் கிடையாது. வேலை போனாலும் அட்டை போகாது. சிகாகோவில் பெரும்பாலும் கம்பெனி தரும் இன்ஷூரன்ஸ்தான். அதுவும் முழுசாக இலவசம் கிடையாது. மாதப் பிரீமியம், குறிப்பிட்ட தொகை வரை நம் கைக்காசு, அதற்குப் பிறகும் ஒரு பங்கு என்று போகும். வேலை போனால் பழைய இன்ஷூரன்ஸைத் தற்காலிகமாகத் தொடரலாம். ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் நாமே கட்ட வேண்டும். எச்-1பியில் இருப்பவருக்கு வேலை, விசா, மருத்துவம் மூன்றும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன என்பது இதனால்தான்.

கனடா சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்டாரியோவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடும்ப டாக்டரே கிடையாது. அவசரம் இல்லாத ஸ்கேனுக்கும் சிறப்பு மருத்துவருக்கும் மாதக்கணக்கில் காத்திருப்பு. பல், கண், மாத்திரைச் செலவு பெரும்பாலும் அந்த அட்டையில் வராது. சிகாகோவில் நல்ல இன்ஷூரன்ஸ் இருப்பவர் சிறப்பு மருத்துவரைப் பெரும்பாலும் சீக்கிரம் பார்த்துவிடுவார். ஒரு ஊரில் காசு, ஒரு ஊரில் காலம்.

குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் இருந்தால் கணக்கு இன்னும் மாறும். அமெரிக்காவில் தேசிய அளவில் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு என்று ஒன்றே இல்லை. 1993-ம் ஆண்டு சட்டப்படி, தகுதியுள்ளவர்களுக்கு 12 வாரம், சம்பளம் இல்லாமல். மீதி எல்லாம் கம்பெனியின் பெரிய மனசு. கனடாவில் தாய்க்கு 15 வாரம், அதற்கு மேல் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள 40 வாரம் வரை, வேலைவாய்ப்புக் காப்பீட்டில் இருந்து சம்பளத்தில் ஒரு பகுதி வரும். ஒன்டாரியோவில் அரசுத் திட்டத்தில் சேர்ந்த குழந்தைகள் காப்பகங்களில் 2025 முதல் நாளுக்கு அதிகபட்சம் 22 டாலர்தான் கட்டணம். இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

'சிகாகோ டேஞ்சர்' என்பது உண்மையா?

எண்களைப் பார்ப்போம். 2021-ல் டொராண்டோவில் 85 கொலைகள். அதே ஆண்டு சிகாகோவில் சுமார் 800. மக்கள்தொகை ஒன்றுதான் என்பதால் கணக்குப் போடத் தேவையே இல்லை. ஒன்பது மடங்குக்கும் மேல். சிகாகோவில் அதன் பிறகு நன்றாகவே குறைந்திருக்கிறது. 2024-ல் 600-க்குக் கீழே வந்தது. இருந்தும் இடைவெளி பெரிது.

ஆனால் இந்த எண் நகரம் முழுக்கச் சமமாகப் பரவியது அல்ல. துப்பாக்கிச் சூடுகள் தெற்கு, மேற்குப் பகுதியின் சில வட்டாரங்களில் குவிந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு, இப்படிப்பட்ட பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு நிறமிட்டு 'ஆபத்தான முதலீடு' என்று குறித்தது. கடன் வரவில்லை, கடைகள் வரவில்லை, தொழிற்சாலைகளும் பிறகு போய்விட்டன. அந்த வரைபடத்தின் நிழல் இன்னும் இருக்கிறது. அதனால், ஏரிக்கரையோரம் அலுவலகமும் வடக்குப் பக்கம் வீடும் உள்ள ஓர் ஐடி ஊழியரின் சிகாகோ வேறு. தெற்குப் பக்கத்தில் பள்ளிக்கு நடந்துபோகும் சிறுவனின் சிகாகோ வேறு.

துப்பாக்கி விஷயத்தில் எல்லைக்கோடு நேரடியாகவே வேலை செய்கிறது. சிகாகோ, நகருக்குள் கைத்துப்பாக்கியைத் தடை செய்து வைத்திருந்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்பதற்கு வழி வகுத்த தீர்ப்பைத் தந்தது. பக்கத்து மாநிலமான இண்டியானாவில் சட்டம் தளர்வு. காரில் கொஞ்ச நேரம் போனால் போதும். கனடா 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையையே முடக்கியது. டொராண்டோவில் குற்றங்களில் பிடிபட்டு, எங்கிருந்து வந்தது என்று கண்டறியப்படும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருந்து கடத்தி வந்தவை.

பாதுகாப்பு என்றால் குற்றம் மட்டுமா? 2025 செப்டம்பரில் 'ஆபரேஷன் மிட்வே பிளிட்ஸ்' என்ற பெயரில் அமெரிக்கக் குடியேற்றத் துறை சிகாகோவில் பெரிய அளவில் சோதனைகளைத் தொடங்கியது. ஆவணங்கள் சரியாக உள்ளவர்களும் கையில் காகிதத்தோடு நடமாடும் பதற்றம் பல குடியேறிகளிடம் இருந்தது.

பஸ், ரயில்... எது பெஸ்ட்?

சிகாகோவின் 'எல்' ரயில் 1892-ல் ஓடத் தொடங்கியது. எட்டு வழித்தடங்கள். ரெட் லைன், ப்ளூ லைன் இரண்டும் 24 மணி நேரமும் ஓடும். ஓ'ஹேர் விமான நிலையத்தில் இறங்கி, ப்ளூ லைனில் ஏறினால் நேராக நகர மையம். டொராண்டோ மெட்ரோ 1954-ல் வந்தது. வழித்தடங்கள் குறைவு. ஆனால் ரயிலோடு கோத்துக்கொண்டு ஓடும் பஸ்களும் டிராம்களும் அதன் பலம்.

டொராண்டோவின் பலவீனம் புதிதாகக் கட்டுவதில். எக்லின்டன் க்ராஸ்டவுன் பாதைக்கு 2011-ல் வேலை தொடங்கியது. 2020-ல் ஓடும் என்றார்கள். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய், ஊர் முழுக்க நகைச்சுவையாகவே ஆனது. இதைவிட வலி ஸ்கார்பரோ மக்களுக்கு. தமிழர்கள் நிறைந்த அந்தப் பகுதியின் ஒரே இலகு ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டது. அதே ஆண்டு நவம்பரில் எப்படியும் மூடுவதாக இருந்த பாதை, அந்த விபத்தோடு நிரந்தரமாக மூடப்பட்டது. மாற்று மெட்ரோ கட்டி முடியும் வரை பஸ்தான்.

சிகாகோவின் பிரச்சினை பணம். கொரோனாவுக்குப் பிறகு பயணிகள் குறைந்து, மத்திய அரசின் உதவியும் தீர்ந்து, சேவைகளை வெட்ட வேண்டிய விளிம்புக்கு வந்தது. 2025 அக்டோபர் இறுதியில் இல்லினாய் சட்டமன்றம் நிதிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றித்தான் காப்பாற்றியது.

நகரத்தின் சாவி யார் கையில்?

மேயர் நினைத்தால் எல்லாம் மாறுமா? இரண்டு ஊரிலும் பதில் 'இல்லை'. ஆனால் காரணம் வேறு.

கனடா சட்டப்படி நகரங்கள் மாகாண அரசின் படைப்புகள். 2018-ல் மாநகராட்சித் தேர்தல் பிரச்சாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒன்டாரியோ முதல்வர் டக் ஃபோர்டு, 47 ஆக உயர இருந்த வார்டுகளை 25 ஆக வெட்டினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-ல் 5-4 என்ற கணக்கில் மாகாணம் வென்றது. சிகாகோவில் 50 வார்டுகள், நகரத்துக்குக் கூடுதல் தன்னாட்சி. ஆனால் அந்தச் சுதந்திரத்தின் பில் பெரிது. ஊழியர் ஓய்வூதிய நிதிகளில் 3,500 கோடி டாலருக்கும் மேல் பற்றாக்குறை. சொத்து வரி ஏன் அவ்வளவு என்று கேட்டீர்களே, ஒரு பங்கு அங்கேதான் போகிறது.

அவசரப் பணத்துக்காக எதிர்காலத்தை அடகு வைத்த கதையும் இரண்டு பக்கமும் உண்டு. சிகாகோ 2008-ல் தெருவோரப் பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக்குத் தனியாரிடம் சுமார் 115 கோடி டாலருக்குக் கொடுத்தது. ஒன்டாரியோ அரசு 1999-ல், டொராண்டோவுக்கு வடக்கே ஓடும் 407 நெடுஞ்சாலையை 99 ஆண்டுக்கு 310 கோடி கனடா டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. இன்று வரை இரண்டு ஊர் வாகன ஓட்டிகளும் அந்த முடிவுகளைத் திட்டிக்கொண்டேதான் காசு கட்டுகிறார்கள்.

தமிழர்களுக்கு எந்த ஊர்?

டொராண்டோ பெருநகரப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானோர் ஈழத்தமிழர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். 1986-ல் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அருகே, உயிர்காக்கும் படகுகளில் தவித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்ட நிகழ்வு கனடா வரலாற்றில் பதிந்த ஒன்று. வந்தவர்கள் உறவினரை அழைத்தார்கள், கடை போட்டார்கள், கோயில் கட்டினார்கள், தேர்தலில் நின்றார்கள். ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் தமிழில் பேசியே நாளைக் கடத்திவிடலாம். ஜனவரி மாதம் அதிகாரபூர்வமாகத் தமிழ் மரபு மாதம். டொராண்டோ நகரவாசிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள் என்பதால், 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி அங்கே அந்நியமாக ஒலிப்பதில்லை.

சிகாகோவோடு நமக்கு உள்ள தொடர்பு 1893-ல் விவேகானந்தர் பேசிய மேடையில் தொடங்குகிறது. அந்தப் பயணத்துக்குப் பின்னால் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் ஆதரவு இருந்தது. 2019-ல் பத்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்ததும் சிகாகோவில்தான். ஆனால் இங்குள்ள தமிழர்களில் பலர் தமிழ்நாட்டில் இருந்து படிப்பு, வேலை வழியாக வந்தவர்கள். நேப்பர்வில், அரோரா போன்ற புறநகர்களில் பரவி வாழ்கிறார்கள். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, அரோரா பாலாஜி கோயில், டெவான் அவென்யூ கடைகள். டொராண்டோவில் தெருவாக இருக்கும் தமிழ், இங்கே காரில் போய்ச் சேரும் இடமாக இருக்கிறது. அகதியாக வந்த சமூகமும், விசாவில் வந்த சமூகமும் ஊன்றும் விதம் வேறு. முதலாவதற்குத் திரும்பிப் போக வழி இல்லை. இரண்டாவதற்கு, தங்க முடியுமா என்பதே பல ஆண்டுகள் தெரியாது.

அப்போ... எது பெஸ்ட்?

மேலே பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவாகியிருக்கும். ஏரி, பனி, மக்கள்தொகை எல்லாம் ஒன்றாக இருந்தும், வாழ்க்கையை மாற்றியவை பெரும்பாலும் நாட்டின் விதிகள்தான். விசா, வீட்டுக்கடன், மருத்துவம், துப்பாக்கி, மகப்பேறு விடுப்பு. இவற்றில் எதையும் மேயர் முடிவு செய்வதில்லை. யூடியூப் வீடியோவில் ஊரின் அழகைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

எனவே, டிக்கெட் போடும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள்:

1. எனக்கு இப்போ என்ன வயது? 29-க்குள் என்றால் கனடா மதிப்பெண் உங்கள் பக்கம். 35-ஐத் தாண்டினால் கணக்கு கடினம்.
2. சேமிப்பா, நிலைத்தன்மையா? சில ஆண்டு சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பத் திட்டமா? சிகாகோ சம்பளம் உதவும். அங்கேயே வேர் விட நினைத்தால் பிஆர் உள்ள ஊர்தான் நிம்மதி.
3. வேலை போனால் எத்தனை நாள் தாங்குவேன்? 60 நாளா, ஆறு மாதமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.
4. வருமானத்தில் எவ்வளவு வாடகைக்குப் போகும்? ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள். அந்த ஊர்ச் சம்பளத்தை அந்த ஊர் வாடகையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.
5. குடும்பத்தில் யாருக்காவது தொடர் சிகிச்சை தேவையா? குழந்தை திட்டம் இருக்கிறதா? இருந்தால் இன்ஷூரன்ஸ் விவரம்தான் முதலில்.

விதிகள் இரண்டு நாட்டிலும் மாதத்துக்கு ஒருமுறை மாறும் காலம் இது. அதிகாரபூர்வ அரசு இணையதளங்களைப் பார்க்காமல் யாருக்கும் பணம் கட்டிவிடாதீர்கள்.

எங்கள் குரூப்பில் இந்தப் பட்டியலைப் போட்டேன். சிகாகோ நண்பன் மூன்றாவது கேள்விக்கு "60 நாள்கூட இல்லடா, எனக்கு இப்போ ரெண்டு பிள்ளைங்க" என்று பதில் போட்டான். டொராண்டோ தோழி நான்காவது கேள்விக்கு ஒரு எண்ணை மட்டும் அனுப்பினாள்: 48%. பிறகு, "நீ என்னடா, எப்போ வர்ற?" என்று இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேட்டார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.